மூக்குத்தண்டு வளைவு: எங்கே வளைந்திருக்கிறது?

மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரில் முன்பகுதி குருத்தெலும்பு. பின்னால் மேற்புறம் எத்மாய்டு எலும்பின் மெல்லிய தகடு, கீழ்ப்புறம் வோமர் எலும்பு. குருத்தெலும்பும் வோமரும் மேல்தாடையின் நடுவில் எழும்பிய எலும்பு வரப்பின்மேல் அமர்ந்திருக்கின்றன. அந்த வரப்பிலிருந்து குருத்தெலும்பு நழுவுவதும், பொருத்துகளில் எலும்பு முள்ளாகத் துருத்துவதும் வழக்கமான கோளாறுகள்.

குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. போர்த்தியிருக்கும் சவ்வுதான் ஊட்டம் தருகிறது. அடிபட்டு இடையில் ரத்தம் கட்டினால், சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்து மூக்கின் மேற்பகுதி அமுங்கிவிடும். ஆகவே அடிபட்ட குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது வளைவை அன்று. நடுச்சுவரில் மெத்தென்ற வீக்கம் இருக்கிறதா என்பதையே.

முழுக்க நேரான சுவர் அரிது. பிறக்கும்போது ஏற்படும் அழுத்தம், பிந்தைய அடிகள், ஒரே வேகத்தில் நடக்காத வளர்ச்சி எல்லாம் அதை வளைக்கும். ஸ்கேன் அறிக்கையில் வளைவு என்று எழுதியிருப்பது மட்டுமே நோயாகாது. வளைவின் அளவைவிட இடமே பெரிது. நாசித் துளைக்குச் சற்று உள்ளே, சுவரும் பக்கவாட்டுக் குருத்தெலும்பும் சேரும் கோணம் 10 முதல் 15 டிகிரிதான். மூக்கிலேயே குறுகலான இடம் அது. அங்கே சிறு வளைவும் மூச்சை நெரிக்கும். பின்னால் உள்ள பெரிய வளைவைப் பலர் உணர்வதே இல்லை.

அடைப்பதாக நோயாளி சொல்லும் பக்கம் வளைந்த பக்கமாகவே இருக்கும் என்பதுமில்லை. எதிர்ப்புறம் இடம் அதிகமாகக் கிடைப்பதால் அங்குள்ள டர்பினேட் (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீளும் மடிப்பு) பருத்துவிடுகிறது. போதாததற்கு, நலமான மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வீக்கம் பக்கம் மாறும். சவ்வைச் சுருக்கும் சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்ப்பது நல்ல சோதனை: அடைப்பு விலகினால் பழி பெரும்பாலும் சவ்வின்மேல், விலகாவிட்டால் சுவரின்மேல். அதே மருந்தை வாரக்கணக்கில் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீயர், கில்லியன் என்ற மருத்துவர்கள் வளைந்த பகுதியைச் சவ்வுக்கு அடியிலிருந்து வெட்டியெடுத்தார்கள். இன்றைய நடுச்சுவர் அறுவையான செப்டோபிளாஸ்டியில் இயன்றவரை அதை நிமிர்த்தி வைக்கிறார்கள். மேற்புறமும் முன்புறமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பை விட்டுவைப்பது மூக்கு சரியாமலிருக்க. தலைவலி, குறட்டை, தும்மல் எல்லாவற்றையும் வளைவின் தலையில் கட்டி அறுவைக்கு வருபவர்கள் உண்டு. ஒவ்வாமைத் தும்மல் அறுவைக்குப் பிறகும் தொடரும், அதற்கு ஒவ்வாமைக்கான மூக்கு ஸ்பிரேதான் மருந்து.