"கோயில் குளத்துல விடலாமா அங்கிள்?"

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படிங்க.

போன ஞாயிறு அன்னதானத்துல மூணு பேர் சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, "என்னண்ணே, வீட்ல தவளை வளர்க்கிறீங்களாமே?" ஆமாம், வளர்க்கிறேன். எப்படி வந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

மூணு மாசத்துக்கு முன்னாடி திருமுறை வகுப்பு முடிஞ்சு பாய் சுருட்டிக்கிட்டிருந்தேன். வகுப்புல படிக்கிற பத்து வயசு தம்பி ஒருத்தன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோட வந்து நின்னான். உள்ளே என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைத் தவளை. பேர் குண்டுவாம். அப்பாவுக்கு மீரிக்கு வேலை மாற்றம், கூட்டிக்கிட்டுப் போக வழியில்லை. "அங்கிள், கோயில் குளத்துல விடலாமா? புண்ணியம்தானே?" என்று கேட்டான். கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு.

"சரிப்பா"ன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நம்ம குளத்துல ஏற்கெனவே யார் யாரோ கொண்டு வந்து விட்ட சிவப்புக் காது ஆமைங்க இருக்கே, அதோட இதுவும் ஒண்ணு என்றுதான் நினைச்சேன். ஆனா பக்கத்துல நின்ன அவனோட அக்கா, பல்கலைக்கழகத்துல உயிரியல் படிக்கிற பிள்ளை, தடுத்துடுச்சு. "அங்கிள், இது நம்ம ஊர்த் தவளை இல்ல. ஆஸ்திரேலியாவும் நியூகினியும்தான் இதுக்குச் சொந்த ஊர். கடையில வாங்கினது. இங்க விட்டா இது பிழைக்குமான்னும் தெரியாது, இதுகிட்ட நோய் இருந்தா நம்ம ஊர்த் தவளைங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றது.

அப்புறம் நானே தேடிப் படிச்சேன். இதுக்கு 'ஒயிட் மரத்தவளை' என்று பேர். 1790-ல ஜான் ஒயிட் என்கிற மருத்துவர் இதைப் பற்றி முதல்ல எழுதினாராம். தவளைத் தோலைத் தாக்குற கைட்ரிட் என்கிற பூஞ்சை நோய் ஒண்ணு இருக்கு. அதனால உலகம் முழுக்க 501 வகை நீர்நில வாழ் உயிரினங்கள் குறைஞ்சு போச்சு, அதுல 90 இனம் அழிஞ்சே போயிருக்கும்னு 2019-ல விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லியிருக்காங்க. இந்த நோய் ஊர் விட்டு ஊர் பரவினதுக்கு மனுஷன் செய்யுற தவளை வியாபாரமும் ஒரு காரணம். நாம புண்ணியம்னு நினைச்சு விடுறது இன்னொரு உயிருக்குப் பாவமா முடியலாம்.

அந்த நேரத்துல எனக்கு இவ்வளவும் தெரியாது. பிள்ளை முகத்தைப் பார்த்து, "கொடுப்பா, அங்கிள் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிட்டேன். வீட்டுக்காரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "உங்க பொறுப்பு."

முதல் பத்து நாள் குண்டு எதையுமே சாப்பிடலை. பச்சை நிறம் மங்கி, பழுப்பா மாறி, ஒரு மூலையில ஒடுங்கி உட்கார்ந்திருந்துச்சு. மீரியிலிருந்து தம்பி தினமும் ராத்திரி குரல் பதிவு அனுப்புவான், "அங்கிள், குண்டு சாப்பிட்டானா?" நாலாவது நாள் நான் பொய் சொன்னேன், "சாப்பிட்டான்பா" என்று. கழுத்துல உருத்திராட்சம் போட்டுக்கிட்டு ஒரு சின்னப் பிள்ளைகிட்ட பொய். அன்னிக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் மிருக வைத்தியர்கிட்ட கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எப்படித் தூக்குறீங்க?" அப்பதான் தப்பு எங்கேன்னு புரிஞ்சுச்சு. அபிஷேகத்துக்கு மஞ்சளும் விபூதியும் எடுத்துக் கொடுத்த கை, பாத்திரம் கழுவின சோப்புக் கை, அதே கையாலதான் தினமும் தூக்கிப் பார்த்திருக்கேன். தவளை வாயால தண்ணி குடிக்காதாம். வயிற்றுத் தோல் வழியாத்தான் உறிஞ்சிக்கும், மூச்சுலயும் ஒரு பங்கு தோல் வழியாத்தான். நம்ம கையில இருக்கிறது எல்லாம் அதுக்கு உள்ளே போகும். குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரினும் அப்படித்தான். இதுல வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை வேற!

அதுக்கப்புறம் எல்லாத்தையும் மாத்தினேன். தொட்டியைப் பூஜை அறைப் பக்கத்திலிருந்து எடுத்துக் கூடத்துல வெச்சேன். கொசு மருந்து அந்தப் பக்கமே அடிக்கிறதில்லை. மரத்தவளை ஏறுற ஜாதி, அதனால உயரமான தொட்டி, உள்ளே சாய்வா கிளைகள். முழுங்கிடும் என்பதால பொடிக்கல் போடலை. மீன் கடையில கிடைக்கிற குளோரின் முறிக்கிற மருந்து கலந்த தண்ணி, தினமும் புதுசு. அவசியம்னாதான் தூக்குவேன், அதுவும் சோப்பு இல்லாம நல்லாக் கழுவின ஈரக் கையால. ஜொகூர் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தனியா ஹீட்டர் தேவைப்படலை.

அடுத்த சங்கடம் சாப்பாடு. நான் வருஷம் முழுக்க சைவம். குண்டுவுக்கோ உயிரோட இருக்கிற சில்வண்டுதான் வேணும். கடையில 'செங்கெரிக்' என்று கேட்டா தருவாங்க. அதுல கால்சியம் பொடி தடவித் தொட்டிக்குள்ள விடணும். முதல் நாள் கை நடுங்கிடுச்சு. ஒரு உயிரைக் காப்பாத்த இத்தனை உயிரைக் கொல்றேனேன்னு குருக்கள் ஐயாகிட்ட போய் நின்னேன். அவர் சிரிச்சுட்டுச் சொன்னார், "அம்பாளோட சிங்கத்தைப் புல்லு தின்னச் சொல்லி யாராவது வேண்டிக்கிறோமா? உங்க விரதம் உங்களுக்கு, அதோட பசி அதுக்கு. ஆனா தேவைக்கு மேல போடாதீங்க." வைத்தியரும் அதையேதான் சொன்னார். இந்த ஜாதி சீக்கிரம் கொழுத்துடும், பெரிசுக்கு வாரம் ரெண்டு மூணு தடவை போதும். மனசு இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. உறுத்தட்டும், அப்பதான் அளவு மீற மாட்டேன்.

பதினோராம் நாள் ராத்திரி பதினொரு மணி. குண்டு கிளையிலிருந்து இறங்கி ஒரே பாய்ச்சல்! முழுங்கும்போது கண்ணு ரெண்டும் உள்ளே போயிடுச்சு, இரையைத் தள்ளக் கண்ணும் உதவுமாம். வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கூடவே, "அங்கிள் அன்னிக்குப் பொய் சொன்னேன்பா, மன்னிச்சிடு" என்றும் எழுதினேன். காலையில பதில் வந்துச்சு: "தெரியும் அங்கிள். அக்கா சொன்னாங்க, புது இடம்னா சாப்பிடாதுன்னு."

இன்னொண்ணும் சொல்லணும். மழைக்காலத்துல நம்ம குளத்துச் சுவர்லயும் தாமரைத் தொட்டி ஓரத்துலயும் வெள்ளையா நுரை ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க. சோப்பு நுரைன்னு நினைச்சு எத்தனையோ தடவை நானே தண்ணி பீய்ச்சிக் கழுவியிருக்கேன். அது நம்ம ஊர் மரத்தவளை கட்டுற கூடாம். முட்டையெல்லாம் அந்த நுரைக்குள்ளதான் இருக்கும், பொரிஞ்ச தலைப்பிரட்டைங்க கீழே தண்ணியில விழும். ஆண்டவன் சந்நிதிக்கு வந்து பிள்ளை பெத்ததை நான் அழுக்குன்னு கழுவியிருக்கேன். குண்டு வராம இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

மதுரையில சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஏன் மலையை விட்டு இறங்கி வைகைக்கு வர்றார்? துர்வாசர் சாபத்தால மண்டூகமாப் போன சுதபஸ் முனிவருக்கு மோட்சம் கொடுக்க. ஒரு தவளைக்காகப் பெருமாள் அவ்வளவு தூரம் வர்றார். நாம அஞ்சு நிமிஷம் குனிஞ்சு பார்த்துட்டுக் கழுவலாமே.

உறவுகளே, மூணே மூணு வேண்டுகோள். வளர்க்க முடியாத ஆமை, மீன், தவளை எதையும் கோயில் குளத்துல விடாதீங்க. எங்ககிட்ட சொல்லுங்க, வளர்க்கத் தெரிஞ்சவங்களைத் தேடிப் பார்ப்போம். வெள்ளை நுரையைப் பார்த்தா அப்படியே விட்டுடுங்க, சுத்தம் செய்யுற தம்பிங்களுக்கும் சொல்லுங்க. குண்டுவைப் பார்த்து ஆசைப்பட்டு யாரும் கடைக்கு ஓடாதீங்க, நல்லாப் பார்த்துக்கிட்டா இது 15 வருஷத்துக்கு மேல வாழும். எனக்கு இப்ப 52. குண்டு இருக்கும்போதே எனக்கு 67 ஆயிடும். வீட்டுக்காரம்மாகிட்ட இதைச் சொன்னப்போ மறுபடியும் அதே வார்த்தைதான்: "உங்க பொறுப்பு." ஆனா நேத்து ராத்திரி தண்ணி மாத்தினது அவங்கதான்.

எல்லா உயிரும் நல்லா இருக்கணும். சிவாய நம.