நகத்தால் நெய்கிறவர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். டிசைன் படிப்பின் கடைசி வருஷம், பேராசிரியர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு இரண்டு மாதப் பயிற்சிக்காக ஜப்பானின் கியோட்டோவுக்குப் போனேன். அங்கே நெசவாளர் பகுதிக்கு நிஷிஜின் என்று பெயர். 'மேற்குப் பாசறை' என்று பொருள். 1467இல் மூண்ட ஓனின் போரில் மேற்கு அணி முகாமிட்ட இடம் அது. போர் ஓய்ந்து ஊர் திரும்பிய நெசவாளர்கள் அங்கேதான் தறி போட்டார்கள்.

நான் உட்கார்ந்த வீட்டில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் 'த்சுஸுரே' நெய்கிறார். கிமோனோ மேல் இடுப்பில் சுற்றும் ஓபிக்கான துணி அது. பாவுக்கு அடியில் வரைபடத் தாள். நிறத்துக்கு ஒரு சின்ன நாடா. அந்த நிறம் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் ஊடையை ஓட்டித் திருப்புவார். ஓட்டிய ஊடையை நகத்தால்தான் வாரி இறுக்குவார். நடுவிரல், மோதிர விரல் நகங்களை அரத்தால் ராவி, ரம்பம் மாதிரி பல் வைத்திருந்தார். நுணுக்கமான பூ என்றால் காலையிலிருந்து மாலை வரை ஒரு சென்டிமீட்டர்கூட ஏறுவதில்லை.

முதல் நாளே நான் வரைந்து வைத்திருந்த கரையைக் காட்டினேன். நம்மூர்ச் சேலைக் கரைபோல நெட்டுக்கு ஓடும் நேர்கோடுகள். "கிரேயி தெசு நே" என்றார். அழகாக இருக்கிறது என்று பொருள். தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து அதைப் பற்றிக் கேட்டேன். அதே "கிரேயி", அதே புன்னகை. "மித்தே" என்று தறியைக் காட்டினார். பார் என்கிறார். அவர் மனைவியோ என்னைக் கூப்பிட்டுத் தார் சுற்றச் சொன்னார், நாடாவுக்கு ஊடை நூல் சுற்றும் வேலை. அம்மா ஆயுசு முழுக்கச் செய்த வேலை அது. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று அன்று ராத்திரி அழுதேன்.

ஒன்பதாம் நாள் புரிந்தது. சேலை உடலோடு கரையைச் சேர்க்கும் நம் கோர்வையில் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். த்சுஸுரேயில் இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்து இழைவரை வந்து, தொடாமல் திரும்பிவிடும். நடுவே ஒரு கீற்று விழும். பாவு போகும் திசையிலேயே நீளமாகக் கோடு போட்டால் கீற்றும் அத்தனை நீளம், துணி வாய் பிளந்துவிடும். என் கரை அந்தத் தறியில் நிற்காது. கியோட்டோக்காரர்கள் 'இல்லை' என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த "கிரேயி"யே மறுப்புதான்.

கோட்டைப் படிப்படியாக ஒடித்து மறுபடி வரைந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அரத்தை எடுத்துவந்து என் மோதிர விரலைப் பிடித்து நகத்தில் பல் வைத்துவிட்டார்.

நிஷிஜின்காரர்களும் கடல் தாண்டிப் போய்த் தொழில் கற்றவர்கள்தான். 1869இல் தலைநகர் டோக்கியோவுக்கு மாறியதும் அரசவைச் சந்தை போய்விட்டது. 1872இல் மூன்று பேரை பிரான்சின் லியோனுக்கு அனுப்பினார்கள். ஜக்கார்டு தறி அப்படித்தான் கியோட்டோவுக்கு வந்தது. போனவர்களில் ஒருவர், யோஷிதா சூஷிச்சி, 1874இல் திரும்பும் வழியில் ஜப்பானின் இசு கடலோரத்தில் கப்பல் மூழ்கி இறந்தார். எங்கள் அப்பாவின் தறிமேல் இருப்பதும் ஜக்கார்டு பெட்டிதான்.

கூலி விஷயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லை. அங்கே 'ஓரிமோத்தோ' என்ற முதலாளி நூலும் வரைபடமும் கொடுத்து உருப்படிக்குக் கூலி தருகிறார். அவருக்கு மேல் மொத்த வியாபாரி, அவருக்கும் மேல் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்போது துணியில் நெய்தவரின் பெயர் இருப்பதில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது, நகம் தேய்ந்தவருக்கு மட்டும் ஒன்றும் ஏறுவதில்லை. இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தார் சுற்றும் அந்த அம்மாவிடம் உங்களுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டேன். "எனக்கா? வீட்டு வேலைதானே" என்றார். என் அம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வாள்.

காஞ்சிபுரம் கூட்டுறவுச் சங்கத்தாரிடமும் முதலாளிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த சேலைக்குக் கூலி எழுதும்போது, தார் சுற்றியவர் பெயரைத் தனி வரியாக எழுதி, எதிரே ஒரு தொகையும் போடுங்கள்.