பாலும் பால்கனியும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணையை மூழ்கடித்தபோது நான் ஊரில் இல்லை. திருச்சியில் ஒரு கல்யாணம். இங்கே தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் வந்து வந்து போகிறது. கிடைத்த சந்தில் எல்லாரும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் இறங்க முடியாத குற்ற உணர்ச்சிக்கு நான் ஒரு வேலை செய்தேன். குழுவின் உரையாடலை டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி, பைத்தானில் நாற்பது வரி எழுதி, யாருக்குப் பால், யாருக்கு மருந்து, யாருக்குப் படகு என்று மணிக்கொரு முறை பிரித்து, படகோடு சுற்றிய பையன்களுக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கீழ்த்தளத்து அக்கா போனில் பிடித்தார். "என்ன தம்பி, பால் பவுடர் வேணும்னு திங்கக்கெழமையே போட்டேன். நாலு தடவ போட்டாச்சு. உங்க லிஸ்ட்ல வரலியா?"

வரவில்லை. அதே மாலை படகுப் பையன் ஒருவன் வேறு கதை சொன்னான். "அண்ணா, நீங்க பால் கேட்டதா குடுத்த வீட்டுல பாலே கேக்கலையாம். 'பால்கனில நிக்கிறோம், படகு அனுப்புங்க'ன்னுதான் போட்டாங்களாம்." பாலைக் கொண்டுபோனதே படகு என்பதால் அவர்கள் ஏறித் தப்பித்தார்கள். என் புரோகிராமுக்கு அதில் பங்கில்லை.

பால் கேட்டவருக்குப் பால் இல்லை, பால்கனியில் நின்றவருக்குப் பால். அன்றிரவு கல்யாண மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். ரீஜெக்ஸ் என்ற தேடல் குறிமுறையில் ஒரு சொல்லைத் தனிச்சொல்லாகத் தேட, அதன் இரு பக்கமும் பேக்ஸ்லாஷ் பி போடுவோம். எழுத்தும் எழுத்தல்லாததும் சந்திக்கும் இடம் என்று அதற்குப் பொருள். எது எழுத்து என்பதில்தான் வில்லங்கம். பைத்தானோடு வரும் 'ஆர்இ' தொகுப்பு க, ப, ள போன்றவற்றை எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் கொக்கியையும் எடுத்துக்கொள்வதில்லை. யூனிக்கோடில் அவை 'குறி' என்ற வேறு சாதி. பள்ளிக்கரணையைக் கொடுத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் பள, ள, க, கரண என்று நாலு துண்டாகத் தருகிறது.

இனி 'பால்' கதை. கடைசியில் இருப்பது புள்ளி, எழுத்தல்ல. அதற்கடுத்த இடைவெளியும் எழுத்தல்ல. ஆகவே அங்கே எல்லையே இல்லை, சொல் அகப்படாது. 'பால்கனி'யிலோ புள்ளியை அடுத்துக் ககரம் நிற்கிறது. எல்லை கிடைத்துவிட்டது! 'படகு' உகரக் குறியில் முடிவதால் அதுவும் போயிற்று, மருந்தும் அப்படியே. தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை புள்ளியிலோ உயிர்க்குறியிலோதான் முடிகின்றன. மெய்யின் இயல்பே புள்ளி பெறுவது என்று தொல்காப்பியர் சொல்லியிருக்க, அது எழுத்தே இல்லை என்கிறது என் புரோகிராம்.

என்னை ஏமாற்றியது வேறொன்று. ஃபைலை யூடிஎஃப்-8 என்று ஒழுங்காகச் சொல்லித்தான் திறந்தேன். திரையில் தமிழ் பளிச்சென்று தெரிந்தது; என்கோடிங் தொல்லை தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தால் பிழைத்திருப்பேன். வரவே இல்லை. யூனிக்கோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் 'தெரு' என்பது கணினிக்கு என், ஜே, யு என்ற மூன்று ஆங்கில எழுத்துகள்தான். அதைக் கொடுத்திருந்தால் இதே பேட்டர்ன் சரியாகப் பிடித்திருக்கும். இந்த வேடிக்கையை யாரிடம் சொல்ல?

பைத்தானைத் திட்டித் தப்பிக்கவும் வழியில்லை. எது எழுத்து என்று தீர்மானிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ யூனிக்கோட் விதிப்படி இல்லை என்று 2011-லேயே அதன் பிழைப்பட்டியலில் பதிந்திருக்கிறார்கள். பெர்ல் மொழியில் குறிகளும் சொல்லுக்குள் அடக்கம். பைத்தானுக்கே 'ரீஜெக்ஸ்' என்ற பெயரில் தனித் தொகுப்பு உண்டு, நிறுவ ஒரு வரி. பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவன் நான். புரோகிராமைச் சோதித்துப் பார்க்க நானே எழுதிய பன்னிரண்டு செய்திகளில் ஒன்றுகூடத் தமிழ் எழுத்தில் இல்லை. எல்லாம் ஆங்கிலமும் தங்கிலீஷும். குழுவில் தமிழில் எழுதியவர்கள் கீழ்த்தளத்து வயதானவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர், வாட்ச்மேன் வீட்டுக்காரர்கள். மேல்மாடிக்காரர்களின் வேண்டுகோள்கள் அத்தனையும் லிஸ்டில் ஏறியிருந்தன.

தொகுப்பை மாற்றிப் பழைய ஃபைலையே மறுபடி ஓட்டினேன். 'தண்ணீர்' என்று தேடினால் குடிக்கத் தண்ணீர் கேட்டவர்களும் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றவர்களும் ஒரே குவியலாக வந்தார்கள். அதை எந்த பேட்டர்னும் தீர்க்காது. 'பால்' என்று தேடினேன். அக்காவின் செய்திகள் மூன்று வந்தன. நாலாவதைக் கண்ணால்தான் தேட வேண்டியிருந்தது. அதில் பால் என்ற சொல்லே இல்லை.

"தம்பி, எங்க வீடு லிஸ்ட்ல இருக்கா?"