தென்னை விழுந்தும் காலி ஆகாத ஊர்

"எங்க ஊருக்கு ஒரு தடவை வாங்க. தேங்காய் இல்லாமல் சமைக்கத் தெரியாத ஆளாச்சே நீங்க, உங்களுக்குப் பிடிக்கும்!" என்று மணிலாவில் எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் சொல்லிச் சொல்லியே என்னைக் கிளப்பிவிட்டார். அவரை நான் 'மனா' என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் பேசுகிற வாராய் மொழியில் அக்கா என்று அர்த்தம். என் கணவரின் உத்தியோகம் எங்களைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு வந்து இரண்டு வருஷம் ஆகியும், நான் பார்த்ததெல்லாம் மணிலாவின் கடைகளும் டிராஃபிக்கும்தான். சென்ற டிசம்பரில் மனா ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டபோது நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விட்டேன்.

ஊரின் பெயர் கிவான். சமார் தீவின் தென்கிழக்கு மூலையில், விரல் நீட்டினாற்போல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஒரு பக்கம் லேய்தே வளைகுடா, குளம்போல அமைதி. மறுபக்கம் பசிபிக் மகா சமுத்திரம், வாய் ஓயாத சத்தம். மணிலாவிலிருந்து தாக்லோபன் வரை விமானம். அங்கிருந்து வேனில் நாலு மணி நேரம். வழியில் 1973ல் திறந்த சான் ஹுவானிகோ பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். லேய்தே தீவையும் சமார் தீவையும் அதுதான் இணைக்கிறது. பாலம் தாண்டியதும் ஒரே தென்னை, தென்னை, தென்னை. நம் பேராவூரணிப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது எனக்கு. நான் அந்தப் பக்கத்துப் பெண், கேட்கணுமா!

அறுபது ஊர் சேர்ந்த ஓர் ஊர்

பிலிப்பைன்ஸில் சின்னப் பேட்டைகளை 'பராங்காய்' என்கிறார்கள். அப்படி 60 பராங்காய் சேர்ந்தது கிவான் நகராட்சி. எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. காலிகோவான் தீவுக்குப் பாலம் உண்டு. ஹோமோன்ஹோன், சுலுவான், மனிகானி தீவுகளுக்குப் படகில்தான் போகணும். படகின் இருபுறமும் மூங்கில் கழி கட்டியிருப்பார்கள், கவிழாமல் இருக்க. அலை பெரிசானால் படகு கிடையாது. பிரசவ வலி எடுத்தாலும் கடல் அடங்கக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் தேதி நெருங்கும்போதே தீவுப் பெண்களைக் கரைக்குக் கூட்டி வந்துவிடுவார்கள் என்று மனா சொன்னார்.

தொழில், மீனும் தென்னையும். காயை உடைத்துக் கொப்பரையாகக் காயவைத்து விற்கிறார்கள். பாளையைச் சீவி, மரப்பட்டை சேர்த்துச் சிவப்பாக ஒரு கள்ளும் இறக்குகிறார்கள். கடற்கரையில் கிளிஞ்சலும் சோழியும் குவியல் குவியலாகக் கிடைக்கும். அதனால்தானோ என்னவோ, பவளக்கல்லில் கட்டிய அவர்களுடைய பழைய மாதா கோவிலின் உள்ளே கிளிஞ்சல்களைப் பதித்தே பூவேலை செய்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கோலம் சுவரில் ஏறி நிற்பது போல இருந்தது. டிசம்பர் 8 அந்த மாதாவின் திருவிழா.

மனாவின் அம்மா வீட்டுத் திண்ணையில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. 'சுங்கா' என்றொரு பலகை. இரண்டு வரிசைக்கு ஏழேழு குழி, இரு கோடியிலும் ஒரு பெரிய குழி, உள்ளே சோழிகள். அட, நம் பல்லாங்குழி! பாட்டியோடு உட்கார்ந்து மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றேன்.

இளநீர் வைத்தியம்

இந்தச் சின்ன ஊருக்கு உலக சரித்திரத்தில் இடம் உண்டு. 1521 மார்ச்சில் மெகல்லனின் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து வந்து முதலில் இளைப்பாறியது இந்த ஹோமோன்ஹோன் தீவில்தான். காய்கறி காணாத நீண்ட பயணத்தில் மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பலபேர் செத்தே போயிருந்தார்கள். சுலுவான் தீவுக்காரர்கள் மீனும் வாழைப்பழமும் தேங்காயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நோயாளிகளுக்குத் தினமும் தலைவரே தன் கையால் இளநீர் கொடுத்தார் என்று கூட வந்த பிகாஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தென்னை இருந்தால் பத்துப் பேர் உள்ள குடும்பம் பிழைக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

இன்னொரு கதையும் உண்டு. சீனாவிலிருந்து தப்பி வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரஷ்யர்களை எந்த நாடும் ஏற்காதபோது, 1949ல் பிலிப்பைன்ஸ் இங்கே துபாபாவ் தீவில் கூடாரம் போட இடம் கொடுத்தது. வசதியில்லாத ஊர்தான், ஆனால் வந்தவர்களைப் போ என்று சொன்னதில்லை.

2013 நவம்பர் 8

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது நானாக அந்தப் புயலைப் பற்றிக் கேட்டேன். ஹையான் என்று உலகம் சொல்கிறது, இவர்களுக்கு அது 'யோலாண்டா'. அந்தப் புயல் முதலில் கரையேறியது கிவானில்தான், விடியற்காலை நாலே முக்கால் சுமாருக்கு. காற்று மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியதாகக் கணக்கு.

"வெறும் புயல்னு சொல்லியிருந்தா யாரும் எழுந்து போயிருக்க மாட்டோம். எங்க மேயர் 'தெலுபியோ' வருதுன்னார். பிரளயம்னு அர்த்தம். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினோம்" என்றார் மனா. உறவினரின் சிமெண்டு வீட்டுக் குளியலறையில் ஒன்பது பேர் நின்றுகொண்டே இருந்தார்களாம். விடிந்து வெளியே வந்தால் தங்கள் வீடு இருந்த இடமே தெரியவில்லை. "அதுக்கு முன்னாடி எங்க வாசல்லேர்ந்து கடல் தெரியாது, தென்னை மறைச்சிருக்கும். அன்னிக்குத் தெரிஞ்சுது. அப்பத்தான் அழுகை வந்துது."

கிவானில் இறந்தவர்கள் சுமார் நூறு பேர். நாடு முழுக்க 6,300 பேர். ஊரில் கூரை தங்கிய கட்டிடமே அபூர்வம். மாதா கோவிலும் இடிந்தது, ஆஸ்பத்திரியும் போயிற்று. வெளிநாட்டு டாக்டர்கள் வந்து கூடாரம் போட்டு அதிலேயே பிரசவம் பார்த்தார்கள். அந்தப் பிராந்தியத்தில் மட்டும் 3 கோடிக்கு மேல் தென்னைக்குச் சேதம்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 2018 நவம்பரில் கஜா புயலில் என் பிறந்த வீட்டுத் தோப்பு ஒரே ராத்திரியில் சாய்ந்தது. அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மகனைப் போலத்தானே தென்னையைச் சொல்கிறோம்.

"இவ்வளவு ஆன பிறகும் ஏன் மனா இங்கேயே இருக்கிறார்கள்?" என்றேன். அவருக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "விழுந்த மரத்தை அறுத்துப் பலகையாக்கி வீடு கட்டினோம். கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரை வள்ளிக்கிழங்கு போட்டோம், பிள்ளைங்க மணிலாவுக்கு வேலைக்குப் போனாங்க. நானும்தான் போனேன். ஆனா கன்று வைக்காம யாரும் போகலை."

கணக்கும் அதையே சொல்கிறது. 2010ல் கிவானின் ஜனத்தொகை சுமார் 47,000. நடுவில் அந்தப் புயல். 2015ல் எண்ணினால் சுமார் 53,000! 2020லும் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஊர் காலியாகவில்லை, பெருகியிருக்கிறது.

முருங்கையும் பாசிப்பயறும்

புயலன்று பதினோரு வயதாக இருந்த மனாவின் மகள் இன்று கைக்குழந்தைக்காரி. அவளுக்கென்று பாட்டி 'மலுங்காய்' போட்டுக் குழம்பு வைத்தார். பார்த்தால் நம் முருங்கைக்கீரை! பெயர்கூடக் காதில் அப்படியே விழுகிறது. பாலூட்டும் தாய்க்கு அங்கேயும் அதைத்தான் கொடுக்கிறார்கள். வழக்கமாகக் கோழியோடு சேர்ப்பார்கள். நான் சைவம் என்பதால் பாசிப்பயறோடு சேர்த்துச் செய்தார்கள். நம் வீட்டிலும் செய்யலாம்: பயறைக் குழைய வேகவையுங்கள். பூண்டு, வெங்காயம், இஞ்சி, தக்காளியை எண்ணெயில் வதக்கிப் பயறைக் கொட்டிக் கொதிக்கவிட்டு, இரண்டு கை உருவிய கீரை, உப்பு போட்டு இறக்குங்கள். கீரை வெந்தால் போதும், நிறம் மாற விடாதீர்கள். இதோடு பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கூட்டு. தேங்காய் துருவ, நம்முடையது மாதிரியே ஏறி உட்கார்ந்து துருவுகிற பலகை!

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே நல்ல மழை. திருவிழா பார்க்கணும் என்றால் குடையோடு போங்கள். தீவுகளுக்குப் படகில் போகணும் என்றால் கோடையில் போங்கள்.

புறப்படுகிற அன்று மனாவின் அம்மா என்னை வீட்டின் பின்புறம் கூட்டிப் போய், புயலுக்குப் பிறகு தானே நட்ட மரத்தைக் காட்டினார். குலை தள்ளியிருந்தது. அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டேன். "கஜாவுக்கு அப்புறம் வெச்ச கன்றெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"பாளை விட ஆரம்பிச்சிருக்கும்மா" என்றார். வெகுநாள் கழித்து அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.