சம்மதம் சொன்ன தாய்

கேத்தே கோல்விட்ஸை மாணவிகளுக்கு அறிமுகப்படுத்துவது எளிது. 1867இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். நெசவாளர் எழுச்சியைப் பற்றிய அவருடைய அச்சோவிய வரிசைக்கு 1898இல் நடுவர்கள் பதக்கம் பரிந்துரைத்தார்கள், பேரரசர் மறுத்துவிட்டார். 1919இல் பிரஷ்யக் கலைக் கழகத்தில் உறுப்பினரானார். 1933இல் நாஜி ஆட்சியின் நெருக்குதலால் அங்கிருந்து விலக நேர்ந்தது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிடலாம். சொல்லத் தயங்குவது அவருடைய மகனைப் பற்றித்தான்.

1914இல் போர் மூண்டபோது இளைய மகன் பீட்டருக்கு வயது 18. படையில் சேரத் தந்தையின் அனுமதி வேண்டும். மருத்துவரான கார்ல் மறுத்தார். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். மகனுக்காகக் கணவரிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தவர் கேத்தே. அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான்.

ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் புறநானூற்றுத் தாயைப் பல வருடங்களாக வகுப்பில் நடத்துகிறேன். பாட்டு அவள் துணிவை வியந்து முடிந்துவிடும். அதன்பிறகு அவள் எத்தனை வருடம் வாழ்ந்தாள், என்ன நினைத்தாள் என்று நாங்களும் கேட்பதில்லை. கோல்விட்ஸின் சிற்பம் அந்த வருடங்களைப் பற்றியது.

மகனுக்கு நினைவுச்சின்னம் செய்ய அந்த வருடமே முடிவெடுத்தார். முடிக்க 1932 ஆயிற்று. முதலில் யோசித்ததில் மகனின் உடல் கிடந்தது. பிறகு அதை விட்டுவிட்டார். கடைசியில் மிஞ்சியவர்கள் பெற்றோர் இருவர் மட்டுமே. கருங்கல்லில், தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். அப்பா தன்னைத்தானே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா குனிந்திருக்கிறாள். அவள் முகம் கேத்தேயின் முகம். ஒருவரையொருவர் தொடவில்லை. கொடியில்லை, வாளில்லை, வீரனும் இல்லை. இன்று ஃப்ளாட்ஸ்லோ இடுகாட்டில், 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்களின் கல்லறைகள் முன்னால் அவர்கள் இருக்கிறார்கள். பீட்டரும் அங்கேதான்.

பீட்டர் என்றே பெயரிடப்பட்ட பேரனும் 1942இல் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். போர் முடியச் சில நாட்களுக்கு முன்பு, 1945 ஏப்ரல் 22 அன்று, மோரிட்ஸ்பர்க்கில் கேத்தே இறந்தார்.

இறந்த மகனை மடியில் கிடத்திய தாயாக அவர் செய்த சிறிய வெண்கலச் சிலையை 1993இல் அரசு பெரிதாக்கி, பெர்லினின் நோயே வாக்கேயில் வைத்தது. அங்கே கூரை வட்டமாகத் திறந்திருக்கிறது. மழையும் பனியும் அந்தத் தாய்மேல் விழுகின்றன. மகனை இழந்த தாய் மட்டும் போதுமா, கொல்லப்பட்ட பெண்கள் எங்கே, யூதர்கள் எங்கே என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அழும் தாய் எந்த அரசுக்கும் வசதியானவள். அவள் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

ஃப்ளாட்ஸ்லோவின் தாய் அப்படி வசதியானவள் அல்ல. தன் பங்கும் இதில் உண்டு என்று அறிந்து குனிந்திருக்கிறாள். தியாகம் என்ற சொல்லை நம்மிடம் யாராவது நீட்டும்போது, கையில் வாங்குமுன் அவளை நினைத்துக்கொள்ளலாம்.