வெயிலும் வீடும்

தருமபுரி மாவட்டத்து அரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முன்னாளில் மண்சுவர் வீடுகள் மிகுதி. சுவர் தடித்திருந்தமையால், பகலின் வெம்மை அதனைக் கடந்து உள்ளே புகுமுன் பொழுது சாய்ந்துவிடும். ஆயினும் மழையில் சுவர் கரைவதும், வேய்ந்த கூரை தீப்பற்றுவதும் ஏழைகளுக்கு ஓயாத துன்பங்களாயிருந்தன. ஆதலின், அவர்கள் கான்கிரீட்டு வீட்டை விரும்பியது வியப்பன்று. தமிழக அரசு 2024 ஆம் ஆண்டில் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டமும், குடிசைகளுக்கு மாற்றாக 360 சதுர அடி அளவுள்ள வீடுகளை வகுத்தது.

உறுதி வந்தது, குளிர்ச்சி அகன்றது. கான்கிரீட்டுக் கூரை பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் வெம்மையை உமிழ்கின்றது. வயலில் உழைத்துக் களைத்தவன் உறக்கமின்றிப் புரள்கின்றான். மின்விசிறி ஓயாது சுழல, மின்கட்டணமும் உயர்கின்றது.

இத்தகைய குறைகளைக் களைய, இந்திய அரசின் மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் கட்டட நெறியை வெளியிட்டது. குளிர்நாடுகள் நீங்கலாக மற்றெங்கும், சுவரும் சாளரமும் வழியே புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேற்படலாகாது என்று அது விதித்தது. வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் காற்று வரத் திறந்திருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. குளிர்பெட்டிக்கு நட்சத்திரக் குறி வழங்கும் எரிசக்தித் திறன் செயலகம், வீடுகளுக்கும் 1 முதல் 5 வரை அத்தகைய குறிகளை வகுத்தது.

எனினும், அந்நெறி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரந்த மனைகளையே கருதியது. சிறு வீட்டை விதி விட்டது, வெயில் விடவில்லை.

சிறு வீட்டுக்கும் வழிகள் உள. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கின், மாலை வெயில் பெரும்பாலும் குறுகிய மேற்குச் சுவரிலேயே படியும். எதிரெதிர்ச் சாளரங்கள் காற்றோட்டம் தரும். மேல்தளத்தில் பூசிய வெண்சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். கேரளத்தில் வாழ்ந்து 2007 ஆம் ஆண்டில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். இடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். சிக்கனமும் குளிர்ச்சியும் ஒருங்கே கிட்டும்.

பழுதுற்ற விசிறியை மாற்றலாம். எழுப்பிய சுவரின் திசையை மாற்ற இயலுமோ? வீடு ஒரு தலைமுறைக்கும் மேல் நிற்பது. ஆதலின், செலவுக் கணக்குப் போடும்போதே வெயிலின் கணக்கையும் போடுதல் அறிவுடைமையாகும்.