கதை பிறந்த உப்பளம்

எந்த ஊருக்குப் போனாலும் கோயில், கடைத்தெரு, அந்த ஊர்ப் பலகாரம் என்று மூன்றையும் முடித்துக்கொண்டு திரும்புவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். எனக்கு நாலாவதாக ஓர் ஆசை உண்டு. படித்த கதை எந்த மண்ணில் நடந்ததோ, அந்த மண்ணை ஒரு தடவையாவது மிதித்துப் பார்த்துவிட வேண்டும். "ஊரில் இல்லாத ஆசையெல்லாம் உனக்கு!" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டுமே!

கல்கி அவர்களுக்கு 'சிவகாமியின் சபதம்' எழுதும் எண்ணம் மாமல்லபுரத்துக் கடற்கரையில்தான் உதித்தது. 'பொன்னியின் செல்வ'னுக்காக ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்கே போய் வந்தார். அவருக்குக் கல்லும் கோட்டையும் கதை சொல்லின. ராஜம் கிருஷ்ணன் அம்மாளுக்கோ மனிதர்கள் சொன்னார்கள். 1925-ல் முசிறியில் பிறந்து, சின்ன வயதிலேயே கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தியவர். மின்சாரத் துறையில் வேலை பார்த்த கணவரோடு நீலகிரியில் இருந்தபோது படகர்களின் வாழ்க்கையைக் கண்டு 'குறிஞ்சித் தேன்' எழுதினார். கோவாவை வைத்து 'வளைக்கரம்'. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் அங்குள்ளவர்களுடன் பழகி எழுதியது 'கரிப்பு மணிகள்'.

1970-களின் கடைசியில் வந்த அந்த நாவலை நான் படித்தது கல்யாணமான புதிதில். அதில் வரும் பொன்னாச்சியை நினைத்து அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போன பங்குனியில் தூத்துக்குடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, "மக்ரூன் அப்புறம் வாங்கிக்கலாம், முதல்லே உப்பளத்தைக் காட்டு" என்று பிடிவாதம் பிடித்தேன்.

வெள்ளை வெளேர்!

காலை ஏழு மணிக்கே அங்கே போய்விட்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். நடுநடுவே வெள்ளைக் குன்றுகளாக உப்புக் குவியல். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தபடி நம் தமிழ்நாடுதான். அதில் பெரும்பங்கு இந்தத் தூத்துக்குடி சீமை.

கடல் தண்ணீரைக் காய வைத்தால் உப்பு. இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரை பங்குதான் உப்பு. பல அளங்களில் பூமிக்கடியிலிருந்து வரும் உவர்நீரை இறைக்கிறார்கள். அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்ட வைத்து, பதம் வந்ததும் கடைசிப் பாத்தியில் விட்டால் உப்புப் பூக்கிறது. மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் கசக்கும். நாம் பாகுப் பதம் பார்க்கிற மாதிரிதான்!

அந்தக் கண்ணாடி

பாத்திக்குள் இறங்கிப் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையில் முண்டாசு மாதிரித் துணி.

"எங்க இருந்து வாரிய? வெயில் ஏறுதுல்லா, ஓரமா நில்லுங்க."

பேச்சுக் கொடுத்தேன். பதினாறு வயதில் வந்தவளாம். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. அந்த மாதங்களைக் கடனில்தான் ஓட்ட வேண்டும். இப்போது அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல். திடீரென்று கூச்சத்தோடு கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒங்க கண்ணாடியை ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா?"

வெயிலுக்கு நான் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஆத்தீ! இப்பிடித்தான் ஒங்களுக்குத் தெரியுதா? குளுமையாலா இருக்கு!"

அதே நேரம் கண்ணாடியில்லாமல் நான் நிமிர்ந்தேன். சுரீரென்று ஆயிரம் ஊசி குத்தின மாதிரி வெள்ளை வெளிச்சம். கண்ணில் நீர் கொட்டிவிட்டது. அத்தனை நேரமும் நான் பார்த்தது அவள் வேலை செய்யும் உப்பளமே இல்லை! அந்த எழுத்தாளர் இந்த ஊருக்கு வந்தபோது என்ன செய்திருப்பார் என்பது அப்போது புரிந்தது. பார்க்க வந்தவர்களின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கே வாழ்கிறவர்களின் கண்ணால் பார்த்திருக்கிறார்.

கண்ணாடியை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். "வேலையில நழுவி விழுந்திரும், நீங்க போட்டுக்கிடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாமோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

கண் மட்டுமில்லை. உப்பு நீரில் ஊறி ஊறிப் பாதம் வெடித்துவிடுகிறது. அந்த வெடிப்பிலேயே மறுபடி உப்பு ஏறும். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பில் அவதிப்படுகிறார்கள். நாவலில் படித்ததற்குப் பிறகு இத்தனை வருஷம் ஓடியும் இதெல்லாம் முழுசாக மாறவில்லையே!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

தூத்துக்குடி போனால் தை முதல் ஆடிக்குள் போங்கள். விடியற்காலையில், அளத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். பாத்திக்குள் இறங்கவோ, கேட்காமல் போட்டோ எடுக்கவோ வேண்டாம். கையோடு இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். போவதற்கு முன்னால் 'கரிப்பு மணிக'ளைப் படித்துவிடுங்கள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் இருக்கும்போதே, 2009-ல், நாட்டுடைமையாகிவிட்டதால் சுலபமாகக் கிடைக்கும். அவர் 2014-ல் மறைந்தார்.

வீட்டுக்கு வந்து ரசத்துக்கு உப்புப் போடக் கையை விட்டேன். கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. வழக்கமாகத் துடைப்பத்தால் தள்ளிவிடுவேன். அன்றைக்குக் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினேன்.